உள்ளே போன முக்காலி

ஞானசுந்தரி மனு எழுத வந்திருந்தாள். உத்திரமேரூர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையில் மனு எழுதிக் கொடுக்கும் வேதகிரியின் மேசை. யார் வந்தாலும் முழுவதையும் சொல்லவிட்ட பிறகே பேனாவைத் திறப்பது அவர் வழக்கம். அவள் சொல்லி முடித்த பிறகும் பேனா மூடியே இருந்தது.

அவள் கணவன் தானியேல் நேற்று முதல் லாக்கப்பில் இருந்தான். நாளைக் காலை ஒன்பது மணி பஸ்ஸில் அவனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். கொலைக் குற்றம். இறந்தவர் புலவர் ஆராவமுதன்.

புலவரை ஊரில் அறியாதவர் இல்லை. தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்குக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். வாரத்தில் இரண்டு நாள், கழனிக்குப் போகும் வழியில் தானியேல் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போவான். அவன் சொற்களைச் சொல்லச் சொல்ல, அவர் துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொள்வார். நேற்றும் விடிந்ததும் போனான், ஏழு மணிக்குக் கிளம்பினான். எட்டு மணிக்குப் புலவர் கொல்லையில், துவைக்கும் கல்லருகே மண்டை உடைந்து கிடந்தார். பார்த்தவன் பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய தம்பி மகன் சடகோபன்.

"அது யாரையும் அடிக்காதுங்க. கோயி அறுக்கணும்னாக்கூட என்னத்தான் கூப்புடும்," என்றாள் ஞானசுந்தரி.

மேசையின் மறுபக்கம் இருந்த சேட்டு இதையெல்லாம் எண் போட்டு எழுதிக்கொண்டான். வேதகிரியிடம் நகல் எழுதும் அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது. இந்த வருஷம்தான் மாலை வகுப்பில் சேர்ந்து இலக்கணம் படிக்கிறான். எதை எழுதினாலும் அதில் பிழை இருக்கும் என்றே அவனுக்குத் தோன்றும். இரண்டு முறை திருத்துவான்.

காவல் நிலையத்தில் ஏட்டு வாக்குமூலத்தை மறைக்காமல் காட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதந்தான் ஆகிறது. "'நாய்' என்று என்னிடம் சொன்னார். உடனே நான் எழுந்தேன்" என்று அதில் இருந்தது. கீழே தானியேலின் கைநாட்டு.

"நானா ஒண்ணும் எழுதல. அவன் சொன்னதுதான். படிச்சும் காட்டினேன், ஆமாங்கான்," என்றார் ஏட்டு. திட்டினார், கோபம் வந்தது, அடித்தான். அவருக்கு அவ்வளவுதான் கதை.

கம்பிக்குப் பின்னால் இருந்த தானியேலிடம், புலவர் திட்டினாரா என்று வேதகிரி கேட்டார்.

"சாமி எதுக்கு என்ன திட்றாரு? முக்காலில குந்திக்கினு எயுதிக்கினு இருந்தாரு. சிரிச்சிக்கினுதான் இருந்தாரு. நாயி ஆச்சின்னாரு, எயுந்தாரு. எனக்கும் நடவுக்கு நாயி ஆச்சே, நானும் கெளம்பிட்டேன்."

சேட்டு ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டான்.

அங்கிருந்து புலவர் வீட்டுக்குப் போனார்கள். மனைவி போனபின் தாமே சமைத்துச் சாப்பிட்டுவந்தவர். சமையல்கட்டில் போட்ட இலை வாடிக் கிடந்தது. பக்கத்தில் சோறு, நெல்லிக்காய்ப் பச்சடி, வறுத்த சுண்டைக்காய். எதிலும் கை படவில்லை. அடுப்பின்மேல் ஒரு வாணலி, அதில் தண்ணீர் மட்டும். மெழுகிக் கோலம் போட்ட தரையில், மூலையில் ஒரு முக்காலி. அதன் கால்களில் சேறு காய்ந்திருந்தது.

கொல்லையில் சீட்டுகள் கிணற்று மேடையிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. கடைசிச் சீட்டில் 'பேஜார்' என்று எழுதியிருந்தார், பொருள் எழுதவில்லை. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அகத்தி மரம். ஆளுயரத்துக்கு மேல் ஒரு கிளை பாதி முறிந்து, இலை வாடித் தொங்கியது. வேதகிரி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கூடத்தில் தொங்கிய காலண்டரில் நேற்றைய தேதியைப் பார்த்தார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் சேட்டுவின் நோட்டை வாங்கிப் படித்தவர், ஓர் இடத்தில் நின்றார். அங்கே 'எனக்கும் நடவுக்கு நாய் ஆச்சே' என்று இருந்தது. பக்கத்தில் கேள்விக்குறி.

"அவன் 'நாயி'ன்னான். அது கொச்சைன்னு 'நாய்'னு திருத்தினேன். திருத்தினப்புறம் அர்த்தம் வரல. என் பிழையாத்தான் இருக்கும்," என்றான் சேட்டு.

"பிழைதான். ஆனா ஏட்டும் அதையேதான் பண்ணியிருக்காரு. நாளைக்கு ஏழு மணிக்கு எல்லாரையும் அந்தக் கொல்லைக்கு வரச் சொல்லு."

மறுநாள் காலை கிணற்றருகே தானியேலும் ஒரு கான்ஸ்டபிளும், தள்ளி ஞானசுந்தரியும், கல்லின்மேல் ஏட்டும் இருந்தார்கள். சடகோபன் பின்வாசல் படியை விட்டு இறங்கவில்லை.

வேதகிரி ஞானசுந்தரியைப் பார்த்து, விடிகாலையில் கூவி எழுப்புகிற பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டார். "கோயி" என்றாள். மரத்தில் பழுத்தால்? "பயம்."

"ஏட்டையா, இங்கே 'ழ'வெல்லாம் 'ய'தான். புலவர் சொன்னது 'நாழியாச்சு'. நேரமாயிடுச்சுன்னு அர்த்தம். அதை தானியேல் தன் வாயால 'நாயி'ன்னான். நீங்க படிச்சுக் காட்டினப்போ அவன் காதுக்கு ரெண்டும் ஒண்ணு, அதான் ஆமான்னான். தனக்கும் நாயி ஆச்சுன்னு என்கிட்ட சொன்னானே. தன்னையே எவனாவது நாய்னு சொல்லுவானா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஊர்ல நாய்னா நாய்தாம்வே. சரி, எதுக்கு நேரமாச்சு?"

புலவர் இறந்ததற்கு முந்தின நாள் ஏகாதசி என்றார் வேதகிரி. புலவர் அன்று தண்ணீர்கூடக் குடிக்காதவர். மறுநாள், துவாதசி காலையில் ஏழரைக்குள் விரதத்தை முடிக்க வேண்டும். இலையில் அகத்திக்கீரை வேண்டும். எல்லாம் தயாராக இருந்தது, கீரை மட்டும் வரவில்லை. புதுச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் நேரத்தை மறந்தவர், உட்கார்ந்திருந்த முக்காலியையே மரத்தடிக்கு இழுத்துப் போட்டு ஏறினார். கிளையைப் பிடித்தார். வெறும் வயிறு, அறுபத்து மூன்று வயது. கிளை முறிந்தது. கீழே கல்.

"முக்காலி உள்ளேயில்ல கெடக்கு?" என்றார் ஏட்டு.

"அதான் கேள்வி. தானியேல், நீ சமையல்கட்டுக்குள்ள போனதுண்டா?"

தானியேல் கிணற்றைக் காட்டினான். "இத்தாண்டதான் நமக்கு. நாலு வருசமா வரேன், அந்தக் கதவுக்கு அப்பால இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது."

வேதகிரி பின்வாசல் படியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதவுக்கு அப்பால் தயங்காமல் போய்வரக்கூடியவன் அங்கே ஒருவன்தான் இருந்தான். சடகோபன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"துவாதசிக்குத் துவாதசி கீரை பறிச்சுக் குடுக்கறது நான்தான்," என்றான். "ஏகாதசியும் அதுவுமா காஞ்சிபுரத்துல சினிமாவுக்குப் போயிட்டு வந்தேன். எழுந்துக்கறச்சே மணி ஏழே முக்கால். ஓடி வந்து பார்த்தா பெரியப்பா கிடக்கறார், பக்கத்துல முக்காலி. இவன் தூங்கினதாலதான் பெரியவர் ஏறினார்னு ஊர் சொல்லுமேன்னு உள்ளே கொண்டு வெச்சுட்டேன். தானியேலைப் போலீஸ் பிடிக்கும்னு நினைக்கவே இல்லை. பிடிச்சப்புறம் வாய் வரலை."

தானியேல் அவனைப் பார்த்தான்.

"தூங்கறது தப்பு இல்ல சாமி. எயுந்தப்புறம் சொல்லியிருக்கணும்."

சடகோபன் சொன்னதை ஏட்டு அங்கேயே எழுதினார். சந்தேகம் வந்த சொற்களையெல்லாம் சேட்டுவிடம் கேட்டு எழுதினார். சேட்டு ஒவ்வொன்றையும் யோசித்துச் சொன்னான், எதையும் திருத்தவில்லை. நிலையத்துக்குப் போனதும் இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்து, விபத்து என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது மணி பஸ் வந்து நின்றபோது தானியேல் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் ஆட்கள் உண்டா என்று கண்டக்டர் கேட்டார். ஏட்டு இல்லையென்று கையாட்டினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு செங்கல்பட்டுச் சாலையில் திரும்பியது.

தானியேல் டம்ளரை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். "வூட்ல இன்னா ஆக்கி வச்ச?"

"நீ வருவேன்னு எனக்கு இன்னா தெரியும்? அடுப்பே பத்த வைக்கல," என்றாள் ஞானசுந்தரி. "வா, போய் ஆக்கலாம்."