சிந்து காலி செய்த வீடு

ஜீவனஹள்ளியில் அந்த வீட்டு வாசலில் உத்தமன் பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கியபோது இன்னும் மாலை வெளிச்சம் மிச்சமிருந்தது. அன்று காலையில்தான் சிந்து அந்த வீட்டைக் காலி செய்திருந்தாள். இருவருக்கும் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனி. "எனக்கு இஷ்டமில்ல, விட்டுடுங்க" என்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அவள் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. உத்தமனும் விட்டுவிட்டான். அதாவது, பேசுவதை விட்டுவிட்டான். நினைப்பதை யார் தடுக்க முடியும்? அவள் இருந்த வீட்டில் இருந்தாலே போதும் என்று, புத்தியுள்ள எவனும் செய்யாத காரியமாக, புரோக்கர் மூலம் அந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்துவிட்டான்.

வீட்டுக்காரி லட்சுமம்மா கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"அய்யோ தேவரே," என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "நீயா?"

"நான் இப்பதாம்மா மொத தடவையா வரேன்."

அவள் அவனோடு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கரண்ட் இல்லை. சிந்துவின் வாசனை ஏதாவது மிச்சமிருக்குமா என்று, வெட்கங்கெட்டவன், சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தான்.

அவள் வாசனை இல்லை.

அவனுடைய ஹேர் க்ரீம் வாசனை அடித்தது.

சமையலறையில் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.

எட்டிப் பார்த்தான். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒருவன் கைகட்டி நின்றிருந்தான். உத்தமன் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. அதே முகம். ஆளில்லாத அடுப்படியைக் கண்கொட்டாமல் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான்.

பயத்தைவிட அசிங்கமாக இருந்தது உத்தமனுக்கு. கேன்டீனில் சிந்து தினமும் பார்த்த மூஞ்சி இதுதானா?

வாசலுக்கு ஓடிவந்தான்.

"பாத்தியா?" என்றாள் லட்சுமம்மா, குரலைத் தாழ்த்தி. "ஒரு வருஷமா உள்ளயே நிக்கிறான். அந்தப் பொண்ணு சமைக்கறப்ப, துணி மடிக்கறப்ப, தூங்கறப்ப. எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டோம். எல்லம்மா கோயில் குங்குமம் வச்சோம். போகல."

"சத்தியமா நான் இங்க வந்ததே இல்லம்மா."

"ஒடம்பு வரலப்பா. நெனப்பு வந்திருக்கே." பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டப் பிடிச்ச பேயின்னு நெனச்சு, நான்தான் அவள வேற வீடு பாக்கச் சொன்னேன். இந்நேரம் அங்க வாசல்ல கோலம் போட்டு பால் காய்ச்சிட்டிருப்பா, பாவம்."

உத்தமனுக்கு அழுகை வந்தது. தன்னை நினைக்கவே கூசியது. இனி அவளை நினைக்கவே கூடாது என்று முதன்முறையாக மனதார முடிவு செய்தான்.

முடிவு செய்த அந்த நொடியில் அவள் முகம்தான் கண்முன் வந்தது.

சமையலறையில் மூச்சு நின்றது.

லட்சுமம்மா டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "போயிட்டான்," என்றாள் நம்பமுடியாமல். "நெஜமாவே போயிட்டான்."

உத்தமன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே கால் பிசுபிசுத்தது.

பாதம் இரண்டிலும் மஞ்சளும் சிவப்புமாக ரங்கோலிப் பொடி அப்பியிருந்தது. அந்த வீட்டு வாசலில் அன்று கோலமே இல்லை.

பொடி, இன்னும் சூடு ஆறாத பாலில் நனைந்திருந்தது.