அரைத்த மிளகாய்

கம்ப்யூட்டர் ரூமுக்குள் மிளகாய் அரைத்த வாசம் அடித்தது. ஏசி ஓடுகிற அறை, அங்கே யாரும் சோற்றுப் பாத்திரம்கூடத் திறப்பதில்லை. ஆனாலும் அம்மியில் மிளகாயும் தண்ணீரும் சேரும்போது தொண்டையைப் பிடிக்குமே, அதே நெடி. பிரவீனாவுக்குக் கண் எரிந்தது.

சிங்காநல்லூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளின் ஃபைல்களை வைக்கிற சிஸ்டம் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கேட்கிற நல்லதைத் தள்ளிவிட்டு, நர்சுகள் முணுமுணுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டாள். 'மாசாணி'. ஆத்தா காவல் இருக்க எந்தத் திருடன் வருவான் என்று சிரிப்பு வேறு!

வந்தான். கயல்விழி என்ற பெண் அங்கே வலிப்புக்கு வைத்தியம் பார்த்த விவரம், அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டு போனுக்குப் போனது. கல்யாணம் நின்றது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மறுவாரம் அந்தப் பெண் குளத்தில் மிதந்தாள். அவள் அம்மா பொன்னாத்தாள் ஆனைமலைக்குப் போய், திறந்துவிட்ட கை எரியட்டும் என்று அதே மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தாள்.

இன்று நல்ல சிஸ்டம் மாட்டுகிறார்கள். கயல்விழிக்காக இல்லை. பிரவீனாவின் ஃபைலும் அதே பெட்டியில்தான் கிடக்கிறது. மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் அவள் முழுங்குகிற மனநல மாத்திரை அத்தனையும் அதில் இருக்கிறது.

"ஏனுங்க மோகன்குமார், மொளகா நெடி அடிக்குதுங்களா?" சிஸ்டம் மாட்ட வந்தவரைக் கேட்டாள்.

"இல்லீங்களே. பழைய சிஸ்டத்துல இருந்து எல்லாரையும் லாக்-அவுட் பண்ணி வெளியேத்திப்போட்டேனுங்க அம்மணி. உள்ள ஒருத்தரும் இல்லீங்க. டீ குடிச்சுட்டு வாரேன்."

கதவு சாத்திக்கொண்டது. வாசம் இப்போது வாய்க்குள்ளேயே கரித்தது, கூடவே குளத்துப் பாசி நாற்றம்.

பழைய சிஸ்டத்தின் திரையைப் பார்த்தாள். உள்ளே ஒருவர் இருப்பதாகக் காட்டியது. யார் பெயரையும் காட்டத் தெரியாத சிஸ்டம் அது. இன்று காட்டியது.

கயல்விழி.

ஐயோ ஆத்தா!

டக். டக். கீபோர்டு தட்டுகிற சத்தம். ஒரு ஃபைல் மூடியது. இன்னொன்று திறந்தது. பிரவீனா. மாத்திரைப் பெயர்கள். கீழே ஒரு போன் நம்பர் ஏறியது. மாமியாருடையது.

ஒயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

டக். டக்.

யார் தட்டுவது? குனிந்தாள்.

ஒயரைப் பிடித்திருந்தது இடது கை. கீபோர்டின் மேல் அவளுடைய வலது கை. மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று, சொட்டச் சொட்ட நனைந்து, அவளைக் கேட்காமலே கடைசி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது.