கொதிக்காத தண்ணீர்

“அஞ்சு மணிக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க, நோட்டரி அம்மா. அதுக்குள்ள நீங்க வரணும்.”

தொலைபேசியில் அழுதவள் யமிலெத். மொண்டேவிதேயோ நகரின் ஆற்றங்கரைச் சட்டப்பள்ளிக்கு வரும் வெளிநாட்டுப் பேராசிரியர்களை வரவேற்று, தங்கவைத்து, வழியனுப்புவது அவள் வேலை. கொலம்பியாக் கடற்கரையில் பிறந்தவள், இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. நோட்டரி எர்சீலியா பனிஸ்ஸா நிதானமாக மேல்கோட்டை மாட்டினார். அதற்குள் அவருடைய குமாஸ்தா மில்ட்டன் படியிறங்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதிலும் மர்மம் என்றால் மில்ட்டனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

சிவில் சட்டப் பேராசிரியர் பதவிக்கு நாளைக்குப் போட்டித் தேர்வு. அதற்கான தலைப்புகளை எழுதி, உறையில் போட்டு முத்திரையிட்டு வைத்திருந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ப்ரூக்மான். நேற்று மூன்றரை மணிக்கு, டீன் அழைப்பதாக அவர் அறைக் கதவுக்கடியில் ஒரு தட்டச்சுச் சீட்டு வந்தது. போனால் டீன் அழைக்கவே இல்லை. அலைந்து திரும்ப நாற்பது நிமிடம். வந்து பார்த்தால் உறையின் அரக்கு பெயர்க்கப்பட்டு, பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பூட்டில் கீறல்கூட இல்லை. சாவி மூன்று: ஒன்று விருந்தாளியிடம், ஒன்று யமிலெத்திடம், மற்றொன்று பள்ளிச் செயலர் டாக்டர் எலிசால்தேயின் மேசை இழுப்பறையில்.

எலிசால்தே அங்கே முப்பது வருடமாகச் செயலர். வெந்நீர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த ஊரார் ஓயாமல் உறிஞ்சும் மாத்தே என்ற இலைப்பானத்தின் குடுவையைக் கையில் பிடித்தபடியே பேசினார்.

“இதுல துப்பறிய என்ன இருக்கு? எட்டு வருஷமா இங்க இருந்தும் ஒரு வாய் மாத்தே குடிக்காதவ. அவளுக்கு இந்த ஊர் மேல என்ன ஒட்டு இருக்கும்?”

“நீங்க அந்த அறைக்குப் போனீங்களா, டாக்டர்?”

“கோடையில வெள்ளையடிச்சப்போ போனது. அப்புறம் வாசல்படிகூட மிதிக்கல.”

“பேச்சு காத்தோட போயிடும். கையெழுத்துப் போட்டுடுங்க” என்று அதைக் குறித்துக்கொண்டு நோட்டரி தன் பதிவேட்டை நீட்டினார். எலிசால்தே அலட்சியமாகக் கிறுக்கினார்.

யமிலெத் தன் மேசையருகே மின்அடுப்பில் காபி போட்டாள். தண்ணீர் தளதளவென்று பொங்கியபோதும் அவள் நகரவில்லை. மில்ட்டனின் கை பரபரத்தது.

“அடேயப்பா, தண்ணி செத்தே போச்சு! இனி மாத்தேயில ஊத்தினா இலை கருகிடும்!”

“நல்லாக் கொதிச்சாத்தான் எங்க ஊர்க் காபி. உங்க ஊர்ல தண்ணி கொதிச்சா இழவு விழுந்த மாதிரி துள்றீங்க” என்றாள் அவள். சிரிக்கப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திருடின்னு பேர் வாங்கினா அப்புறம் எந்தப் பள்ளி எனக்குக் கதவைத் திறக்கும்?”

அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று மில்ட்டனுக்குத் தெரியவில்லை. தெரியாதது வலித்தது.

விருந்தினர் அறையை ஒட்டிய சிறு சமையலறையில் ப்ரூக்மான் தயங்கித் தயங்கிப் பேசினார். “ஒண்ணு யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பொண்ணு நல்லவ. நான் கிளம்பறப்போ கெட்டில் அடுப்புல இருந்தது, மறந்துட்டேன். வந்து பார்த்தா அடுப்பு அணைஞ்சிருக்கு, தண்ணி பிளாஸ்க்குல இருக்கு.”

“அதுல என்ன சங்கடம்?”

“இது போன வாரம் வந்த புது அடுப்பு. நேத்துக் காலையிலயே திருகு கெட்டுப்போச்சு, சும்மா சுத்தும். தொட்டிக்கு அடியில திரைக்குப் பின்னால சிலிண்டர் இருக்கு, அதை மூடித்தான் அணைக்கணும்னு யமிலெத் காட்டினா. அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.”

மில்ட்டன் நோட்டரியைத் திரும்பிப் பார்த்தார். அப்படியென்றால் அவளேதானா?

நோட்டரி வேறொன்று கேட்டார். “அந்தத் தண்ணியில மாத்தே குடிச்சீங்களா?”

“குடிச்சேன். நான் போட்டா எப்பவும் இலை கருகிக் கசக்கும். நேத்துத்தான் முதல் தடவையா நல்லா இருந்தது.”

எர்சீலியா தலையாட்டினார். படியிறங்கும்போது மில்ட்டன், வாசற்காவலரிடம் கறந்த சேதியை அவர் காதில் போட்டார். தேர்வு எழுதப் போகிறவர்களில் ஒருவன் எலிசால்தேயின் மாப்பிள்ளை.

“அவருக்குக் காரணம் இருந்தா போதுமா, மில்ட்டன்? ஆதாரம் வேணும். நாலரைக்கு எல்லாரையும் அந்தச் சமையலறைக்கு வரச் சொல்லுங்க.”

வந்தார்கள். டீன் வேலைநீக்கக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நோட்டரி ப்ரூக்மானைக் கெட்டிலை அடுப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, பதிவேட்டை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நாள், நேரம், ஊர், வந்தோர் பெயர் என்று ஆமை வேகத்தில் போனது. கெட்டில் மெல்ல முனகத் தொடங்கியது. மில்ட்டன் ஓர் அடி எடுத்து வைத்தார். நோட்டரியின் குதிகால் அவர் கால்விரலை அழுத்தியது. யமிலெத் கெட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டீனின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாவி அவகிட்ட இருந்தது, அவகிட்ட...” என்று ஆரம்பித்த எலிசால்தேயின் கண் அடுப்புக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. கெட்டிலின் மூக்கில் ஆவி சீறியது.

“யாராவது எடுங்களேன், தண்ணி பாழாப் போகுது!”

அவரே இரண்டே எட்டில் பாய்ந்தார். குனிந்து, திரையை விலக்கி, உள்ளே கைவிட்டுச் சிலிண்டரை மூடினார். தீ அடங்கியது.

நிமிர்ந்த எலிசால்தே எல்லோர் முகத்தையும் பார்த்து, பிறகு தன் கையைப் பார்த்தார்.

“அடுப்புல திருகு இருக்கே, டாக்டர்” என்றார் நோட்டரி. “எல்லாரும் முதல்ல அதைத்தான் திருகுவாங்க. அது கெட்டுப்போனது நேத்துக் காலையில. வாசல்படி மிதிக்காதவருக்குச் சிலிண்டர் எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“நான்... குழாயைப் பார்த்து...”

“அது நேத்து. திருகு சுத்தினதும் குழாயைத் தடவிக்கிட்டே போய்க் கண்டுபிடிச்சீங்க. இன்னைக்குத் தடவவே இல்ல. திருட வந்த இடத்துலயும் தண்ணி கொதிக்கறதைப் பொறுக்க முடியல உங்களால. அணைச்சு, பிளாஸ்க்குல வேற ஊத்தி வெச்சீங்க. யமிலெத்தா இருந்தா பொங்க விட்டிருப்பா, பேராசிரியருக்கு வழக்கம்போல வாய் கசந்திருக்கும். அப்பவே இது நம்ம ஊர்க் கைன்னு தெரிஞ்சுபோச்சு. யார் கைன்னு இப்பத் தெரிஞ்சுது.”

அவர் பதிவேட்டைத் திருப்பி, அலட்சியக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். எலிசால்தே நாற்காலியில் சரிந்தார். “மாப்பிள்ளை மூணு தடவை தோத்துட்டான், அம்மா...” என்றார்.

டீன் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பழக்கதோஷத்தில், மேசையிலிருந்த மாத்தேக் குடுவையை யமிலெத்திடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை.

“வேண்டாம், சார். எட்டு வருஷமா இதைக் குடிக்கலன்னுதானே என்னை வெளியாள்னு சொன்னீங்க. இன்னைக்கு என்னைக் காப்பாத்தினதே அதுதான்” என்றாள். “எல்லாரும் உட்காருங்க. நான் காபி போடறேன்.”

சிலிண்டரைத் திறந்து, கெட்டிலை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மில்ட்டன் உட்பட ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.