பதினாறு மெத்தைகளும் ஒரு மதியத் தூக்கமும்

சஃபாரிக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று யாராவது கேட்டால், செலிப்பாவின் அப்பா யோத்தாம் யோசிக்கவே மாட்டார். லுவாங்வா ஆற்றுக்கு அப்பால் இருக்கும் காட்டில் அவர் பதினான்கு ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறார். காட்டில் எந்த மாதம் எது கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

அன்று மாலையும் அப்படித்தான். மூன்று வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, கைகழுவி, சீமாக் களியை உருட்டிக் கீரையில் தொடுவதற்குள் டென்மார்க்கிலிருந்து ஒருவர் கைபேசியில் அழைத்தார்.

“ஜூன் மாசமா? தாராளமா வாங்க சார். விடியக்காலையில குளிரும், ஸ்வெட்டர் கொண்டு வாங்க. செப்டம்பர்ல வந்தா, ஆத்தங்கரை முழுக்கச் சிவப்புப் பறவைங்க பொந்து போட்டிருக்கும். அக்டோபர்ல வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனா தண்ணி வத்திடும் பாருங்க, எல்லா மிருகமும் குட்டையைச் சுத்தியே நிக்கும். சிங்கம் பாக்கணும்னா அதுதான் நேரம்.”

பேசிப் பேசி அவருடைய குரல் தேய்ந்து போயிருந்தது. கண்கள் செம்மண் நிறத்தில் இருந்தன. கைபேசியைக் கீழே வைத்தபோது களி ஆறிவிட்டது.

“அப்பா,” என்றாள் செலிப்பா. “எனக்கு எந்த மாசம் நல்லது?”

அப்பா உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

செலிப்பாவுக்குப் பதினொரு வயது. அவர்கள் வீட்டிலிருந்து ஆற்றுக்கு அரை மணி நேர நடைதான். ஆனாலும் அவள் அக்கரைக் காட்டுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. மாம்பழக் காலத்தில் யானைகள் ஆற்றைக் கடந்து வந்து மரத்தை உலுக்குவது உண்டு. ஆனால் அது திருட்டு, சஃபாரி ஆகாது.

மே மாதம் கேட்டபோது, புல் ஆள் உயரம் நிற்கிறது, ஒன்றும் தெரியாது என்றார் அப்பா. ஜூலையில் வண்டியில் இடமில்லை. ஆகஸ்டிலும் இல்லை. அக்டோபரில், இந்த வெயில் உனக்குத் தாங்காது என்றார். இப்போது நவம்பர் வந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் மழை தொடங்கும். அதன்பின் காட்டுப் பாதைகள் எல்லாம் மே மாதம்வரை சேறுதான்.

“பதில் சொல்லுங்களேன்,” என்றார் அம்மா எனெலெஸ். “டென்மார்க்காரருக்கு மட்டும் மளமளன்னு சொல்லத் தெரியுதே!”

அப்பா உருண்டையை மென்று விழுங்கினார்.

“சனிக்கிழமை முகாமைப் பிரிக்கிறோம். லாரி போகுது. ஆனா வேலைக்காரங்களைத் தவிர யாரையும் ஏத்தக் கூடாதுன்னு சட்டம்.”

அப்பா வேலை செய்யும் முகாம், புல்லும் நாணலும் கொண்டு கட்டியது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அந்த இடமே தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஆண்டுதோறும் நவம்பரில் பிரித்து, மே மாதத்தில் புதிதாகக் கட்டுவார்கள்.

“அப்ப எனக்கும் ஒரு வேலை குடுங்க,” என்றாள் செலிப்பா.

“மெத்தை தூக்குவியா?”

“மெத்தை வேண்டாம். போன வருஷம் அரிக்கேன் விளக்குக் கண்ணாடி எல்லாம் வழியிலேயே உடைஞ்சு போச்சுன்னு மிசோஸி அம்மா உங்களைத் திட்டினாங்கல்ல? அந்தப் பெட்டியை நான் மடியில வச்சுக்கறேன். குழி வந்தா தூக்கிப் பிடிச்சுக்குவேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். அப்பா முகாம் மேலாளர் மிசோஸிக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“உங்க மகளுக்கு இருக்கற புத்தி இத்தனை வருஷமா நமக்கு வரலையே! கூட்டிட்டுப் போங்க.”

சனிக்கிழமை காலையில் லாரி காட்டுக்குள் பறந்தது. செலிப்பா கண்டதெல்லாம் புழுதிதான்.

“மெதுவா போங்கப்பா!”

“இப்ப வேலை இருக்கு கண்ணு. திரும்பி வர்றப்ப ஆமை மாதிரி போவோம். வழியில மூணு குட்டை இருக்கு. மூணையும் காட்டறேன். ரெண்டாவது குட்டையிலதான் சிங்கக் கூட்டம் கிடக்குது. சிங்கத்துக்கு நான் பொறுப்பு.”

முகாமில் வேலை மளமளவென்று நடந்தது. நாணல் தட்டிகளைச் சுருட்டினார்கள். மரப்பட்டைக் கயிறுகளை அவிழ்த்தார்கள். செலிப்பா விளக்குக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வைக்கோல் சுற்றி, பெட்டியில் அடுக்கினாள். நேற்று இருந்த குடிசைகள் மதியத்துக்குள் வெறும் மணலாகிவிட்டன.

இன்னும் பிடுங்காமல் மிச்சமிருந்த ஒரு தூணில் கை வைத்து நின்ற அப்பா, அப்படியே நின்றுகொண்டிருந்தார். கடைசி விருந்தாளிகளை அதிகாலை விமானத்துக்கு அனுப்பிய நாளிலிருந்து முகாமைப் பிரிக்கும் வேலையில் அவர் சரியாகத் தூங்கவேயில்லை.

“தம்பி,” என்றார் சமையற்காரர் சிக்கேலோ. “நீ தூணைப் பிடிச்சிருக்கியா, தூண் உன்னைப் பிடிச்சிருக்கா?”

“தூங்கலண்ணே. யோசிக்கறேன்.”

“அப்ப குறட்டை விட்டது தூணாத்தான் இருக்கும்.”

மற்ற வேலைக்காரர்கள் இன்னொரு வண்டியில் முன்னே போய்விட, இரண்டு மணிக்கு லாரி கிளம்பியது. பின்னால் பானைகள், நாற்காலிகள், மிச்சமிருந்த முட்டைக்கோஸ் ஒரு மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பதினாறு மெத்தைகள். அந்த மெத்தைகளுக்கும் மேலே சிக்கேலோ ஏறி மல்லாந்து படுத்தார்.

“பதினாறு மெத்தை போட்டுப் படுக்க எந்த ராஜாவுக்குக் கிடைக்கும்? செலிப்பா மேடம், சிங்கம் வந்தா என்னை எழுப்பாதீங்க!”

முன்னிருக்கையில் செலிப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்குக் காட்டின் வாயிலை அடைத்துவிடுவார்கள். அதற்குள் வெளியே போய்விட வேண்டும். கிழக்கே ஒரு மேகம் கறுத்திருந்தது. இது கரிசல் மண். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும். லாரி அச்சுவரை புதைந்துவிடும்.

லாரி ஆமை மாதிரிதான் போனது. அப்பாவின் தலையும் மெல்ல மெல்லக் கீழே போனது. திடீரென்று லாரி பாதையை விட்டு விலகி, ஒரு கறையான் புற்றை உரசியது. பெட்டிக்குள் கண்ணாடிகள் கிணுங்கின.

“அப்பா!”

“ம்? பாத்துட்டேன், பாத்துட்டேன். அதோ அந்த வளைவு தாண்டினா முதல் குட்டை.” அப்பா தம் கன்னத்தில் தாமே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். “சிங்கம் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்ல?”

செலிப்பா அவரைப் பார்த்தாள். ஏழு மாதங்களாக எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கண்கள்தான் சிங்கம் தேடிக் கொடுத்தன. இப்போது அவற்றைத் திறந்து வைக்கவே அவர் பாடுபட்டார்.

இந்த ஆண்டு இனி இன்னொரு நாள் கிடைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

“அப்பா, எனக்குத் தூக்கம் வருது,” என்றாள். அது பொய். “வெயில் வேற. சிங்கம் வேண்டாம். நிழல்ல கொஞ்சம் நிறுத்துங்க.” அது அதைவிடப் பெரிய பொய்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

ஒரு பெரிய புளியமரத்தின் கீழ் அப்பா லாரியை நிறுத்தினார்.

“பத்தே நிமிஷம். கதவைத் திறக்காத. எழுந்து நிக்காத. மேகம் கிட்ட வந்தா...”

மீதியைச் சொல்லாமலே தூங்கிப்போனார்.

பத்து நிமிடம் ஆயிற்று. செலிப்பா அவரை எழுப்பவில்லை. லாரியின் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டே முக்கால். மூன்று. மூன்றாவது குட்டைக்கு இனி நேரமில்லை. மூன்றே கால். சிங்கம் இருக்கும் இரண்டாவது குட்டையும் போயிற்று. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கைகள் இரண்டும் பெட்டியைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

“ஜூன்ல... ஸ்வெட்டர்...” என்று அப்பா தூக்கத்தில் முணுமுணுத்தார். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

காடு வெயிலில் கிறங்கிக் கிடந்தது. இலைகூட அசையவில்லை.

முதலில் வந்தவை கினிக்கோழிகள். புள்ளிச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக வந்து, லாரியின் சக்கரங்களுக்கிடையே புகுந்து மறுபக்கம் போயின. ஒன்று மட்டும் நின்று, சக்கரத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு ஓடியது. பிறகு இம்பாலா மான்கள் நிழலுக்கு வந்தன. வயிறு பெருத்த தாய் மான்கள். மழைக்காகத்தான் அவை குட்டி போடாமல் காத்திருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவையும் களைத்துப்போயிருந்தன. ஒன்று கால்களை மடக்கி, அவள் கையெட்டும் தூரத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

இத்தனை அருகில் வருமா? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இயந்திரச் சத்தம் இல்லை. தேடி வருகிறவர்கள் இல்லை. இந்த லாரியும் மரத்தடியில் தூங்கும் இன்னொரு மிருகம், அவ்வளவுதான்.

திடீரென்று மான்கள் எழுந்து விலகின. வெளியே ஏதோ பெருமூச்சு விட்டது.

ஒரு சாம்பல் நிறச் சுவர் சன்னலை மறைத்தது. சுவரில் சுருக்கங்கள் இருந்தன. சுவருக்கு ஒரு கண்ணும் இருந்தது.

யானை!

ஒன்றல்ல, ஐந்து. நடுவில் ஒரு குட்டி. புளியம்பழம் பொறுக்க வந்திருந்தன.

கத்தக் கூடாது. அசையக் கூடாது. மெதுவாக மூச்சு விட வேண்டும். அப்பா விருந்தாளிகளுக்குச் சொல்வதை வீட்டில் எத்தனை முறை நடித்துக் காட்டியிருக்கிறார்! அவள் மெதுவாக மூச்சு விட்டாள்.

பெரிய யானை பின்னால் போனது. பக்கக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. மெத்தைகளின் விளிம்பில் சிக்கேலோவின் இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன. தும்பிக்கை எழுந்து, இடது பாதத்தை முகர்ந்தது. பிறகு வலது பாதத்தைத் தடவியது.

“விடுடி எலினா,” என்றார் சிக்கேலோ தூக்கத்தில், மனைவி எழுப்புவதாக நினைத்து. “இன்னும் அஞ்சு நிமிஷம்.”

செலிப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். யானை கொஞ்சம் யோசித்தது. பாதங்களை விட்டுவிட்டு முட்டைக்கோஸ் மூட்டையை இழுத்துக் கீழே போட்டது. ஐந்து யானைகளும் விருந்துக்கு உட்காராத குறைதான். கறுக் முறுக்கென்று சத்தம். குட்டி மட்டும் ஒரு முட்டைக்கோஸைக் காலால் உருட்டி உருட்டி விளையாடியது. குட்டி லாரியில் வந்து முட்டியபோது, கண்ணாடிகள் கிணுங்கின. செலிப்பா பெட்டியை அணைத்துக்கொண்டாள்.

அப்போது தொலைவில் இடி உருண்டது.

மேகம் பாதி வானத்தை மூடியிருந்தது. மணி நான்கு. இப்போதே கிளம்பியாக வேண்டும். ஆனால் திடுக்கிட்டு எழுந்து அப்பா இயந்திரத்தை முடுக்கினால்? குட்டி சக்கரத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. தாய்க்குக் கோபம் வந்தால் லாரி தாங்காது.

செலிப்பா ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அப்பாவின் கையை மெல்ல அழுத்திப் பிடித்தாள்.

“அப்பா. கண்ணை மட்டும் திறங்க. கை கால் அசைக்காதீங்க. சாவியைத் தொடாதீங்க.”

அப்பா கண்ணைத் திறந்தார். சன்னலுக்கு வெளியே இருந்த கண்ணைப் பார்த்தார்.

“எத்தனை?” என்றார் உதடு அசையாமல்.

“அஞ்சு. குட்டி உங்க பக்கத்துச் சக்கரத்துக்கிட்ட. அதோட அம்மா பின்னால. காதை விரிக்கல, கோபம் இல்ல.”

“சிக்கேலோ?”

“காலை முகர்ந்து பாத்துச்சு. புடிக்கல போல.”

அப்பாவின் வயிறு குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். இன்னொரு இடி. காற்றில் ஈர மண்ணின் மணம் வந்தது. யானைகள் தும்பிக்கைகளை உயர்த்தி அந்த மணத்தை வாங்கின. பிறகு, யாரோ கூப்பிட்டதைப் போல, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நடந்தன. குட்டி முட்டைக்கோஸைத் திரும்பிப் பார்த்தபடியே போனது.

“போயிடுச்சா?” என்றார் அப்பா.

“இருங்க. இன்னும் ஒண்ணு நிக்குது.” கடைசி வாலும் புதருக்குள் மறைந்த பிறகு செலிப்பா தலையசைத்தாள். “இப்ப போலாம்.”

சிக்கேலோவை எழுப்பித் தார்ப்பாயை இழுத்து மூடச் சொல்லிவிட்டு, அப்பா லாரியைக் கிளப்பினார். குட்டைகளின் பக்கம் திரும்ப நேரமில்லை. பெருந்துளிகள் விழுந்தன. சக்கரங்கள் வழுக்கின. ஆனால் அப்பாவின் கைகள் இப்போது உறுதியாக இருந்தன. லாரி வாயிலைத் தாண்டி, பாலத்தையும் கடந்து, இக்கரையில் தார்ச்சாலையின் ஓரத்தில் நின்றபோது மழை கொட்டத் தொடங்கியது.

தார்ப்பாயிலிருந்து சிக்கேலோவின் தலை எட்டிப் பார்த்தது.

“என் முட்டைக்கோஸ் எங்கே? யோத்தாம்! யாரு என் காலை எச்சில் பண்ணினது?”

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் கண்ணீர் வரும்வரை சிரிப்பு.

சிரித்து முடித்தபின் அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. ஆனாலும் அவர் முகம் வாடியது.

“சிங்கம் காட்ட முடியலையே கண்ணு. வந்ததைக்கூட நான் முழுசாப் பாக்கலை. தூங்கிட்டேன்.”

“நான் பாத்தேனே! எல்லாத்தையும் பாத்தேன். சொல்லட்டுமா?”

“அம்மா காத்திட்டிருப்பா...” என்ற அப்பா கூரையில் விழும் மழையைக் கேட்டார். பிறகு சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். பெட்டியைத் தம் மடியில் வாங்கிக்கொண்டார். “மழைக்கு ஒதுங்கியிருக்கோம்னு அவளுக்குத் தெரியும். நான் தூங்கினதும் முதல்ல எது வந்துச்சு? அதிலேர்ந்து சொல்லு.”

“கினிக்கோழிங்க. வரிசையா.”

“எந்தப் பக்கத்திலேர்ந்து? குஞ்சுங்க இருந்துச்சா? அதுங்க பொதுவா...”

“அப்பா,” என்றாள் செலிப்பா, கால்களை வசதியாக நீட்டிக்கொண்டு. “குறுக்க பேசாம கேளுங்க.”