பத்துக் கேள்விக்குறி

மாரித்தாய் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துக் கேள்விக்குறிகள் நின்றன. மற்ற லேபிள்களிலும் அதே கதைதான்.

பிரீத்தியின் அப்பா சீனிவாசகம் சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று, தொழிலாளர்களின் தீபாவளிப் பரிசுப் பெட்டிகளில் ஒட்டப் பெயர் லேபிள் கேட்டிருந்தது. நாளைக் காலையில் பெட்டிகளைக் கொடுக்கிறார்கள்.

"ஃபாண்டு கோளாறு," என்றான் அண்ணன் ஹரிஷ்குமார். அச்சக வீட்டில் எது கோணினாலும் பழி ஃபாண்டு மேல்தான் விழும். அவன் ஃபாண்டை மாற்றினான். கேள்விக்குறிகள் குண்டாயின. இன்னொன்றைப் போட்டான். ஒல்லியாயின.

"சட்டைய மாத்துனா ஆளு மாறுமாலே?" என்றார் அப்பா. "பேரை விடு. டோக்கன் நம்பரைப் போட்டு அடி."

பிரீத்திக்குச் சுருக்கென்றது. மாரித்தாய் அவள் தோழி இசைவாணியின் அம்மா. பெட்டியில் பேர் போட்டுத் தருவார்களாம் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"கொஞ்சம் இருங்கப்பா." அவள் கணினி முன் உட்கார்ந்து, 'ம' என்று அடித்துச் சேமித்தாள். திறந்தால் ஒரு கேள்விக்குறி. 'மா' என்று அடித்தாள். இரண்டு.

"அண்ணே, கம்ப்யூட்டர் துணைக்காலைத் தனியா எண்ணுது. புள்ளியும், 'ரி' மேல இருக்கிற வளைவும் அப்படித்தான். அதான் அஞ்செழுத்துப் பேருக்குப் பத்து. அடிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. சேமிச்சதும் போயிருது. அப்ப கோளாறு சேமிக்கிற இடத்துல."

"இத்தன வருசமா அங்கனதான தமிழைச் சேமிக்கிறோம்?" என்றான் அண்ணன்.

அவள் பழைய தமிழ் லேபிள் ஒன்றைத் திறந்து, ஆங்கில ஃபாண்டுக்கு மாற்றிக் காட்டினாள். ஒரே கிறுக்கல்.

"இது உள்ள இங்கிலீஷ், மேல தமிழ்ச் சட்டை. இந்தப் பேரெல்லாம் கம்பெனிக்காரங்க போன்ல அனுப்புன நெசத் தமிழ்."

ஹரிஷ், பெயர்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தளத்தின் அமைப்பைத் திறந்தான். 'லத்தீன்' என்று இருந்தது. ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு மட்டும் அறைகள் உள்ள அலமாரி அது. அறை இல்லாத எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துவிடும். எல்லா மொழிக்கும் இடமுள்ள 'யுடிஎஃப்-8'க்கு மாற்றினான்.

மறுபடி திறந்தால், அதே பத்துக் கேள்விக்குறிகள்.

"போச்சுலே," என்றார் அப்பா.

"எறிஞ்சது எப்படிப்பா திரும்பி வரும்? உங்க போன்ல பேரெல்லாம் பத்திரமா இருக்குல்ல. புதுசா ஏத்தணும்," என்றாள் பிரீத்தி.

ஏற்றினார்கள். இயந்திரத்திலிருந்து முதல் லேபிள் வந்தது: மாரித்தாய். அப்பா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அடுத்த தாள்கட்டைப் பிரித்தார்.

மறுநாள் மாலை இசைவாணி வந்தாள்.

"பலகாரமெல்லாம் காலி. பென்சில் போட்டுக்க அந்தப் பெட்டியக் கேட்டேன், எங்கம்மா தரமாட்டேங்குது. பேர் தெரியுற மாதிரித் திருப்பி, பீரோ மேல வச்சிருக்கு."