உப்புத் தண்ணீர் எலிகள்

வேலைக்குச் சேர்ந்த அன்று, கூண்டு கழுவும் அண்ணன்தான் என்னை எலி அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் இல்லாத அறை. மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் இருந்த மேடம் எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். தவறிட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார். அப்போதே அந்த மனிதர் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேன்.

மூக்கு ஒவ்வாமைக்கு மருந்து தேடுகிற இடம் அது. சில எலிகளுக்கு முட்டை வெள்ளைக்கருவை ஊசியில் ஏற்றிப் பழக்குவோம். பிறகு அதையே மூக்கில் சொட்டு விட்டால் தும்மும், முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். மற்ற எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அவை சும்மா இருக்க வேண்டும். எதிரில் நாற்காலி போட்டுத் தும்மலை எண்ணுவதுதான் என் வேலை. இதற்கா இவ்வளவு படித்தாய் என்று அம்மா அலுத்துக்கொண்டாள். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையை விரித்த பிறகு கிடைத்தது இது ஒன்றுதான்.

உப்புத் தண்ணீர் எலிகள் தும்மின.

இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆய்வை மூடிவிட்டு உன்னையும் அனுப்பிவிடுவேன் என்று ஆய்வகத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். யாரோ வெள்ளைக்கருவைக் கலக்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் அண்ணன். வேறு யாரைச் சந்தேகப்படுவது?

சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரை நானே கரைத்தேன், நானே சொட்டு விட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

தும்மின. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

என்னை இல்லை. என் தோளுக்குப் பின்னால்.

அங்கே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்.

வெளியே ஓடி அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"மேடத்துக்கு எலி ஒத்துக்காதும்மா. உடம்புக்கு ஒத்துக்கலன்னா இந்த வேலையில வச்சிக்க மாட்டாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லல. நீங்க உக்கார்ற நாற்காலியிலதான் மூச்சு முட்டி..."

நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. மேடத்தின் வெள்ளைக் கோட்டு வேறு கட்டடத்தில், கட்டிய பையில் கிடந்தது. அண்ணனைக் கொண்டுவரச் சொல்லி, அதை உப்புத் தண்ணீரில் அலசி, ஒரு எலியின் காது மடலில் ஊசியால் ஒரு துளி ஏற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது சிவந்து தடித்தது.

முதல் தடவை சந்திக்கிற எதற்கும் உடம்பு இப்படி வீங்காது. முன்பே பழகியதைக் கண்டால்தான் வீங்கும். இந்த எலிகள் பிறந்ததே அவர் இறந்த பிறகு.

அப்படியும் சந்தேகம் விடவில்லை. அந்தத் தண்ணீரே காரமாக இருக்கலாம், யார் மேல் பட்டாலும் தடிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, மேடத்தோடு பழகாத ஓர் உடம்பு வேண்டும். அந்த அறையில் அப்படி இருந்தது நான் மட்டும்தான். ஒரு துளியை என் முன்கையில் விட்டு ஊசியால் கீறினேன்.

"வேணாம்மா," என்றார் அண்ணன்.

ஒன்றும் ஆகவில்லை. பார்த்தீர்களா என்று சிரிக்கக்கூடச் சிரித்தேன், எலியைக் கூண்டில் விட மறு கையில் எடுத்தேன்.

பிறகு அரித்தது.

நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, ஒரு தடிப்பு மேலெழுந்து வந்தது. மேடத்தின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவரோடு என் உடம்பு எப்போது பழகியது? தினமும் அந்த நாற்காலியில் எதை மூச்சிழுத்துக்கொண்டிருந்தேன்? பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வீங்குதா?" அண்ணன் கேட்டார். "வீங்குச்சுன்னா உங்களுக்கும் ஒத்துக்கலன்னு அர்த்தம், தலைவர்கிட்ட சொல்லியாகணும். உங்களை வெளிய அனுப்பிடுவாரு. உயிராவது மிஞ்சும்மா."

வெளியே போனால் எங்கே போவேன்? கையை உதறிச் சட்டைக் கையை அவசரமாக இறங்கவிட்டேன்.

"ஒன்னும் இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. காட்டுங்க என்று கிட்டே வந்தார். சட்டைக் கை பாதியில் நின்றுவிட்டது, தடிப்பின் ஓரம் தெரிந்தது. இன்னொரு கையில் எலி இருந்ததால் என்னால் இழுத்துவிட முடியவில்லை.

யாரோ என் சட்டைக் கையை மணிக்கட்டு வரை மெல்ல இழுத்துவிட்டார்கள்.