ஏழாவது கிணற்று வாளி

ஆறு கிணறுகளிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஏழாவது கிணற்றின் கட்டுச்சுவர்மேல் நிரம்பி நின்ற வாளியிலிருந்து மட்டும் எழவில்லை.

விடிந்து கொஞ்ச நேரந்தான். பக்கத்துக் குளத்தின் மேல் பனி படுத்துக் கிடந்தது. கந்தகமும் பாசியும் கலந்த வாடை, தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு நீர்க்கோழியின் சத்தம். திருகோணமலைப் பக்கத்து இந்த வெந்நீர்க் கிணறுகளுக்கு அருந்ததி தன் கணவரை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கூட்டி வந்திருந்தாள். தனஞ்சயனுக்குப் பாரிசவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து எட்டு மாதம். முப்பது வருடம் ரியூசன் வகுப்புகளில் கணக்கு எழுதிய கை மடியில் கிடந்தது. அவள் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. இதுதான் கடைசி நம்பிக்கை.

"குளிக்கவோ கூட்டி வந்தனீர், அவிக்கவோ?" என்றார் அவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி. பாதி வாய்தான் சிரித்தது.

"பொறுங்கோ. இஞ்ச ஆறின தண்ணி கிடக்கு."

வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு. நீர்வெட்டு என்றால் வாளி, அண்டா, சோற்றுப்பானை வரை நிரப்பி வைத்துப் பழகியவள் அவள். நிறைந்த வாளியை வீணாக விடுவது அவளுக்குப் பாவம். யாரோ ஒரு நல்ல மனம் அடுத்து வருபவருக்காக இறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றே நினைத்தாள். அந்த முகம் தெரியாதவரை மனதுக்குள் வாழ்த்திவிட்டு, விழுந்த காலில் ஊற்றினாள்.

பெருவிரல் அசைந்தது.

அவள் அழுதுகொண்டே நிமிர்ந்தபோது, சீட்டுக் கிழிக்கும் ஒஸ்வால்ட் வாளியைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா, இதையா ஊத்தினீங்க? நேத்து அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவங்க வெச்சது. செத்தவருக்கு. கடைசி நேரம் தண்ணி குடுக்கப்படாதெண்டு டொக்டர்மார் சொல்லிட்டாங்களாம். கேட்டுக் கேட்டே போனவராம். அவருடைய பங்கை இங்க ஆரும் தொட மாட்டாங்க."

"ஐயோ தம்பி, தெரியாமல் செய்திட்டன்."

அவளே இன்னொரு வாளி இறைத்து அதே இடத்தில் வைத்தாள். பெயர் தெரியாத அந்த மனிதருக்காகக் கைகூப்பினாள். மனமிரங்கிச் செய்தது வீண்போகாது என்று நம்பினாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். வாளி நிரம்பியபடியே இருந்தது. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

வெள்ளவத்தைக்கு வந்த மூன்றாம் நாள் அவர் எழுந்து நின்றார். அருந்ததி சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். கற்பூரம் அணையுமுன் குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

வலது கால் வாளிக்குள் முழங்கால்வரை இறங்கியிருந்தது.

"நான் வரேல்லை, அருந்ததி. கால்தான் வந்தது. நான் பின்னால இழுபட்டு வந்தனான்."

"உணர்ச்சி வருதப்பா. அதுதான் அப்பிடி."

காலைத் துடைத்துவிட்டாள். ஈரம் போகவில்லை. நாள் முழுக்க நீரில் கிடந்ததுபோல் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. குளிர்ந்திருந்தது. வாளியில் பாதித் தண்ணீர் இல்லை. தரையோ காய்ந்து கிடந்தது.

அதன்பின் கால் தினமும் போனது. அவர் கதவு நிலையை இடக்கையால் பிடித்துப் பார்த்தார், பிடிநழுவி இழுபட்டார். கரையோர ரயில் போகும்போது ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. ரயில் போய் அதிர்வு ஓய்ந்த பிறகு, குளியலறையிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. மடக். மடக். அவசர அவசரமாக விழுங்கும் சத்தம். அவருடைய வாய் மூடியிருந்தது.

சீட்டில் இருந்த நம்பருக்கு, ஒஸ்வால்டுக்குப் போன் எடுத்தாள்.

"நீங்க வெச்ச வாளி அப்படியே இருக்கு அக்கா. செத்தவங்களுக்கு வெக்கிற மற்ற வாளியெல்லாம் ரெண்டு நாள்ல வத்திரும். இது குறையவே இல்லை."

சனிக்கிழமை நீர்வெட்டு. மத்தியானம் குழாய் ஒருமுறை இருமி நின்றது. நிரப்பி வைத்ததையெல்லாம் கால் குடித்துவிட, வீட்டில் ஒரே ஒரு வாளி மிஞ்சியிருந்தது.

தனஞ்சயன் அதற்கு முன்னால் நின்றார். காலின் குளிர் இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது. அப்போது அவருடைய வலக்கை உயர்ந்தது. எட்டு மாதமாக அவள் கேட்டு அழுத கை. அது தண்ணீர் குடிக்கும் தகரப் பேணியை எடுத்து அவளிடம் நீட்டியது.

"ஊத்தாதேயும்," என்றார் அவர். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "அது என்ர கையில்லை."

அவள் வாளியின் பிடியைப் பற்றினாள். தண்ணீர் கேட்டுக் கேட்டே போனவர். தவித்த வாய். இல்லையென்று எப்படிச் சொல்வது? கொடுத்துத் தீர்த்தால் போய்விடாதா? போனால் தனஞ்சயன் மிஞ்சமாட்டாரா?

"குடியுங்கோ ஐயா," என்றாள். "குடிச்சிட்டு இவரை விட்டிடுங்கோ."

ஊற்றினாள். யார் வாயும் படாமல் பேணி வெறுமையானது. மறுபடி நீண்டது. ஊற்றினாள். ஒவ்வொரு பேணிக்கும் குளிர் ஒரு விரற்கடை ஏறியது. நெஞ்சு. தோள். கழுத்து.

"அருந்ததி," என்றார்.

குளிர் வாய்வரை ஏறியது.

வாளியின் அடி தெரிந்தது. கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுமில்லை.

"முடிஞ்சுது ஐயா. இனி இல்லை."

அவள் அழுதாள். வெளுத்து ஊறிய கை மெல்ல உயர்ந்தது. பேணியின் விளிம்பை அவளுடைய கன்னத்தில், கண்ணுக்குக் கீழே வைத்து அழுத்தியது.

காத்திருந்தது.